ஆறு டென்ட் போதும்: மலைத் தோட்டத்தில் குடும்பமாகக் கேம்ப் நடத்த நினைக்கிறவர்களுக்கு

மலையில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டென்ட் போடலாம் அக்கா?" என்பதுதான். "சித்திரை மாதம் உங்கள் ஊற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்துவிட்டு வாங்க, சொல்கிறேன்" என்பேன். டென்ட் என்ன விலை, எங்கே வாங்கலாம், இன்ஸ்டாகிராமில் எப்படிப் போடலாம் என்பதெல்லாம் அப்புறம். எத்தனை பேர் என்பதை முதலில் தண்ணீர் சொல்ல வேண்டும். அடுத்து கழிப்பறைக் குழி, அதற்கடுத்து வீட்டு அடுப்பு. இந்த மூன்றில் எது குறைந்த எண்ணிக்கையைச் சொல்கிறதோ அதுதான் உங்கள் கேம்பின் அளவு. அதற்கு மேல் ஒருவரைச் சேர்த்தாலும் வந்தவர்களுக்கும் கஷ்டம், வீட்டுக்கும் கஷ்டம், மண்ணுக்கும் கஷ்டம்.

எங்கள் தோட்டம் கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாக ஏறி வர வேண்டும். ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம். மாமனார் வைத்த காபி, நிழலுக்கு சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, நடுநடுவே மலைவாழை, ஒரு பக்கம் சௌசௌ பந்தல். காபியும் மிளகும்தான் எங்களுக்குத் தொழில். கேம்ப் அதோடு சேர்ந்தது. நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் மகனும் மருமகளும் சேர்ந்து நடத்துகிறோம். ஆறு டென்ட், அதிகபட்சம் பதினாறு பேர்.

தண்ணீர்க் கணக்கு

ஏப்ரல் கடைசியில், கோடை மழை சரியாக இறங்காத ஒரு வாரம் பார்த்து அளக்க வேண்டும். ஐப்பசியில் அளந்தால் எல்லா ஊற்றும் நல்ல ஊற்றுதான். 20 லிட்டர் வாளியை ஊற்றுக் குழாயில் பிடியுங்கள். நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் என்றால் மணிக்கு 120 லிட்டர், ஒரு நாளைக்கு 2,880 லிட்டர். அதில் பாதியைத் தொடவே தொடாதீர்கள். நாற்றங்காலுக்கும் மாட்டுக்கும் மட்டுமல்ல, ஊற்றுக்குக் கீழே ஓடை ஈரமாகவே இருக்கவும் அது வேண்டும். மீதி 1,400 லிட்டர் சொச்சம்தான் மனிதர்களுக்கு.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் குளிக்க 20, கழிப்பறைக்கு 15, குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ 15. பதினாறு விருந்தாளிகளுக்கு 800. வீட்டில் பேரனோடு ஆறு பேர், உதவிக்கு வருகிறவர்கள் என்று இன்னொரு 350, 400. இதோடு எங்கள் கணக்கு முடிந்துவிட்டது. ஷவர் வைத்தால் இந்தக் கணக்கு நிற்காது. ஒருவர் ஐந்து நிமிடம் ஷவரில் நின்றாலே இரண்டு மூன்று வாளி போய்விடும். அதனால் எங்களிடம் ஷவர் கிடையாது. செம்புத் தவலையில் விறகு வைத்துக் காய்ச்சிய வெந்நீர், ஆளுக்கு ஒரு வாளி. மார்கழிக் குளிரில் அந்த ஒரு வாளிக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி வடிகட்டி மண்பானையில் வைக்கிறோம். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்பதில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. எங்களுக்கு அதையும் தாண்டி ஒரு காரணம் உண்டு. மலையில் குப்பை வண்டி தோட்டத்து வாசலுக்கு வராது. நாம் எடுத்துப் போகாத பிளாஸ்டிக் நம் மண்ணில்தான் கிடக்கும், இல்லையென்றால் காட்டுமாட்டின் வயிற்றில் கிடக்கும். விருந்தாளிகள் கொண்டுவருகிற உறைகளை அவர்களிடமே ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்து, கீழே கொண்டுபோகச் சொல்கிறோம். வரும்போதே இதைச் சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. போகும்போது சொன்னால்தான் சங்கடம்.

கழிப்பறை

கேம்ப் நடத்துகிறவர்கள் அதிகம் பேசாத விஷயம், ஆனால் விருந்தாளி திரும்பி வருவாரா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம். ஆறு பேருக்கு ஒன்று என்பது என் கணக்கு. மூன்று கழிப்பறை, ஒன்று பெண்களுக்கு மட்டும். உள்ளே உறுதியான தாழ்ப்பாள், துணி மாட்ட ஆணி, மூடி போட்ட குப்பைத்தொட்டி, நாப்கினைச் சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள், பக்கத்தில் சோப்பு. இந்த ஐந்தும் இல்லாமல் எத்தனை அழகான டென்ட் போட்டாலும் குடும்பத்தோடு வருகிறவர்கள் இரண்டாவது தடவை வர மாட்டார்கள்.

குழி விஷயத்தில் நான் கண்டிப்பானவள். மலையில் எல்லாமே கீழ்நோக்கித்தான் போகும். நம் ஊற்றுக்குக் கீழே குழி இருக்கிறது என்பதோடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நமக்குக் கீழே இருக்கிற தோட்டக்காரருடைய ஊற்று எங்கே, அவர் வீட்டில் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று நடந்துபோய்ப் பார்த்து, அவரிடம் பேசிவிட்டு அப்புறம் குழி தோண்டுங்கள். ஓடையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் முப்பது மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

இரட்டைக் குழிக் கழிப்பறைதான் எங்களைப் போன்ற சிறிய இடத்துக்குச் சரி. சுவரில் இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு குழிகள், நடுவில் ஒரு தொட்டி. ஒரு குழி நிறைந்ததும் அதை அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியை இரண்டு வருடம் தொடாதீர்கள். திறக்கும்போது வாடை இல்லாமல் மண்ணாகவே இருக்கும். அதை மரத்தடியில் போடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பினாயிலும் ஆசிடும் ஊற்றினால் குழிக்குள் மக்கவைக்கிற நுண்ணுயிர் செத்துவிடும், அப்புறம் நாற்றம்தான். பிரஷ், சோப்புத்தூள் கொஞ்சம், வெந்நீர், இது போதும். பாறை அதிகமாக இருந்து குழி தோண்ட முடியாத இடமென்றால், சாம்பல் தூவுகிற உலர் கழிப்பறை இருக்கிறது. திருச்சிப் பக்கம் முசிறியில் அதைப் பொதுக் கழிப்பறையாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும்.

குளியல் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தனி. ஜல்லி, மணல் போட்ட ஒரு சின்ன வாய்க்கால் வழியாக விட்டு, கல்வாழைப் பாத்திக்கும் அதைத் தாண்டி மலைவாழைக்கும் போகவிடுங்கள். குளியலறையில் சீயக்காயும் அரப்பும் வைக்கிறோம். பாத்திரத்துக்குச் சாம்பலும் தேங்காய் நாரும். ஷாம்பு சாஷே எங்கள் இடத்தில் கிடையாது.

டென்ட் எங்கே போடுவது

காட்சி நன்றாகத் தெரிகிற இடத்தில்தான் எல்லோரும் முதலில் போடப் பார்ப்பார்கள். நிமிர்ந்து மேலே பாருங்கள், குனிந்து தரையைப் பாருங்கள், அப்புறம் காட்சியைப் பார்க்கலாம்.

மேலே பார்க்க வேண்டியது மரக்கிளை. சில்வர் ஓக் காற்றுக்கு முறிகிற மரம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தில் கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் வழியாக இந்த மலை வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், புயல் நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். காய்ந்த கிளை உள்ள மரத்தடியிலும் பலா மரத்தடியிலும் டென்ட் கூடாது. பலாப்பழம் விழுவது ஒரு ஆபத்து, பலா பழுத்த வாசனைக்கு யானை வருவது அதைவிடப் பெரிய ஆபத்து.

தரையில் பார்க்க வேண்டியது தடம். காட்டுமாடு எங்கள் பக்கம் தினசரி நடமாட்டம். அவை தலைமுறை தலைமுறையாக ஒரே வழியில்தான் நடக்கும். குளம்படி, சாணி, மரத்தில் உரசின தேய்மானம் எல்லாவற்றையும் ஒரு வருடமாவது கவனித்துவிட்டு, அந்த வழியை அவற்றுக்கே விட்டுவிடுங்கள். அதை மறித்து வேலி போடாதீர்கள். வீட்டையும் டென்டையும் சுற்றி மட்டும் சோலார் வேலி போடுவதாக இருந்தால், மின்வேலிகளுக்கு 2023-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. வனத்துறையிடம் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். நேரடியாக மின்கம்பியிலிருந்து இழுக்கிற வேலி குற்றம், கொலை பாதகமும்கூட.

காட்டை ஒட்டி, வேலிக்கு வெளியே, "உண்மையான காட்டு அனுபவம்" என்று டென்ட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடிப் பக்கம் அப்படி டென்டில் தங்கிய ஒரு பெண் யானை தாக்கி இறந்துபோனார். டென்டுக்கும் காட்டுக்கும் நடுவில் வீடு இருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், வெளிச்சம் இருக்க வேண்டும். எங்கள் டென்டுகள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்குள்தான் இருக்கின்றன. டென்டுக்குள் பழம், பிஸ்கட், உப்புப் பண்டம் எதுவும் வைக்கக் கூடாது. எல்லாம் சமையல்கட்டில் மூடி போட்ட டின்னில்.

டென்ட் போடுகிற தரையை, சுற்றிலும் இருப்பதைவிட ஒரு சாண் உயர்த்தி மண்மேடு கட்டி, ஒரு பக்கம் லேசாகச் சரிவு கொடுத்துவிட்டால் மழைநீர் உள்ளே வராது. கீழே விரிக்கிற தார்ப்பாய் டென்டின் அடிப்பாகத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து டென்டுக்கு அடியில் கொண்டுபோய்விடும். நான்கு பேருக்கானது என்று அட்டையில் போட்டிருக்கிற டென்டில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும்தான் நிம்மதியாகப் படுக்க முடியும். ஈரத்தோடு மடிக்காதீர்கள், ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயிலில் நாள்கணக்கில் நிற்க விட்டாலும் துணி இற்றுவிடும். விருந்தாளி இல்லாத நாளில் டென்டைக் கழற்றிக் காயவைத்து உள்ளே வைப்பதுதான் அதற்கு ஆயுள். கழற்றின இடத்தில் புல்லும் மூச்சு விட்டுக்கொள்ளும்.

படுக்கைக்கு ஸ்லீப்பிங் பேக் மட்டும் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அதை ஒவ்வொரு முறையும் துவைத்துக் காயவைக்க மலை ஈரத்தில் முடியாது. கீழே கோரைப்பாய், மேலே பஞ்சு மெத்தை, அதன்மேல் தினமும் துவைக்கிற பருத்தி விரிப்பு, போர்த்திக்கொள்ள கம்பளி, கம்பளிக்கும் துவைக்கிற உறை. உட்கார பவானி ஜமுக்காளம். முதுகுவலி உள்ள பெரியவர்கள் வந்தால் வீட்டுத் திண்ணை அறையில் இரண்டு கட்டில் இருக்கிறது. தாத்தா பாட்டியைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகள் டென்டில் படுக்கிற குடும்பங்கள்தான் எங்களுக்கு நிரந்தர விருந்தாளிகள்.

காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பட்டா, சிட்டா குடும்பத்தில் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் தெளிவாகட்டும். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் கையெழுத்து வேண்டும். ஹாகா என்று எல்லோரும் சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால், கட்டடத்துக்கும் நில மாற்றத்துக்கும் அதன் அனுமதி தேவை. பழனி மலைக் காட்டில் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். எல்லைக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறீர்கள் என்று ரேஞ்சர் அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள். அப்புறம் ஊராட்சி அனுமதி, சுற்றுலாத் துறைப் பதிவு, சமைத்துக் கொடுப்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். வருகிற எல்லோருடைய அடையாள அட்டை நகலும் நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். இதையெல்லாம் எங்கள் மருமகள் பார்த்துக்கொள்கிறாள். ஒருவர் பொறுப்பாக இருந்தால்தான் இது நடக்கும்.

விருந்தாளியைக் காட்டுக்குள் கூட்டிப்போவது நம் வேலை இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே அரசு விதிகள் வந்தன. ஏற ஆசைப்படுகிறவர்களை, அரசே 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு வழியாக அனுமதியோடு போகச் சொல்லுங்கள். புல்லாவெளி அருவியைப் பார்க்கப் போகிறவர்களிடம், பாறை விளிம்புக்குப் போகாதீர்கள் என்று நான் இரண்டு தடவை சொல்லி அனுப்புவேன். வழுக்கி விழுந்து உயிர் போயிருக்கிறது.

அவர்களை எப்படி நம் வீட்டு மனிதர்களாக ஆக்குவது

வருகிறவர் மலைப்பாதையில் வளைந்து வளைந்து வந்து இறங்குவார். பாதிப் பேருக்குத் தலை சுற்றும், குழந்தை வாந்தி எடுத்திருக்கும். அந்த நேரத்தில் விதிமுறைகளை ஒப்பிக்காதீர்கள். ஒரு செம்பு தண்ணீர், எலுமிச்சை, இஞ்சி போட்ட வெல்லப் பானகம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஒரு கைகாட்டல். அவ்வளவுதான் முதல் அரைமணி நேரம். எங்கள் வீட்டில் இதை மாமியார் செய்கிறார். "வாங்கய்யா, வாங்கம்மா, ரோடு எப்படி இருந்துச்சு?" என்று அவர் கேட்டுக்கொண்டே வரும்போது வந்தவர்களின் முகம் மாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எந்த ஊர், என்ன வேலை என்று அவர் கேட்பார். ஆனால் சாதி, கல்யாணம் ஆயிற்றா, ஏன் குழந்தை இல்லை என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. இது நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. தனியாக வருகிற பெண்ணுக்கு அந்தக் கேள்விகள் இல்லாத இடம்தான் விருந்தோம்பல்.

காபி குடித்த பிறகு வீட்டுக்காரர் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார். அப்போதே எல்லா விதிகளும் நடந்துகொண்டே சொல்லப்பட்டுவிடும். ஷூவைப் போடும் முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும், இருட்டினால் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, மழைக்காலத்தில் அட்டை கடித்தால் பிய்க்காமல் உப்புத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டும் என்று. குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். மார்கழி, தை என்றால் காபிப் பழம் பறிப்பது. பங்குனியில் முதல் மழைக்குக் காபி பூத்தால் மலையே மல்லிகைக் காடு மாதிரி மணக்கும், அப்போது தேனீ பார்ப்பது. மற்ற நாளில் கோழிக்கூட்டில் முட்டை எடுப்பது. வேலை கொடுத்த குழந்தை போன் கேட்பதில்லை.

மலைவாழையைத் தின்னக் கொடுக்கும்போது அதன் கதையையும் சொல்லுங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்கு உயிரே இந்த விருப்பாச்சிப் பழம்தான். முடிக்கொத்து நோய் வந்து மலையில் பெரும்பகுதி அழிந்து, கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு வளர்த்த பழம் இது. அதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுகிறவர் தோலை வழியில் எறிய மாட்டார்.

சாப்பாடு ஒரே பந்தி, ஒரே சமையல், நாங்கள் சாப்பிடுவதுதான். மெனு கார்டு வைத்தால் வீணாகும் உணவும் விறகும் இரட்டிப்பாகிவிடும். எங்களிடம் இரவுக்குச் சாமைச் சோறு அல்லது கல்தோசை, சௌசௌ கூட்டு, கொள்ளு ரசம், கேட்டால் நாட்டுக்கோழிக் குழம்பு. எத்தனை பேர், யாருக்கு என்ன ஆகாது என்று முதல் நாளே கேட்டுவிடுவோம். காய்கறி பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும், பால் ஊரிலிருந்தும், தேன் இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடும்பங்களிடமிருந்தும். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கு வாங்குகிறோம், கையில் உடனே காசு கொடுத்துவிடுகிறோம். சமையலுக்கு உதவிக்கு வருகிற ஊர்ப் பெண்களுக்குத் தோட்டக்கூலியைவிடக் கூடுதலாக, கேம்பில் ஆள் குறைவாக இருக்கிற வாரத்திலும் குறைக்காமல் கொடுக்க முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஊருக்கு உதவாத கேம்பை ஊர் ரொம்ப நாள் பொறுத்துக்கொள்ளாது, பொறுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

ஸ்பீக்கர் கிடையாது. மது கிடையாது. உரிமம் இல்லாமல் பரிமாறுவது சட்டப்படியும் தவறு, பக்கத்து டென்டில் குழந்தையோடு ஒரு குடும்பம் படுத்திருக்கும்போது மனசாட்சிப்படியும் தவறு. "குரூப்பா பத்துப் பசங்க வர்றோம் அக்கா, பணம் எவ்வளவு வேணா தர்றோம்" என்று போன் வரும். "தம்பி, இது வீடு, அதுக்கு வேற இடம் பாருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்தால் கேம்ப் வளராது.

நெருப்பும் வெளிச்சமும்

கேம்ப் ஃபயர் இல்லாமல் கேம்பா என்று கேட்பார்கள். ஒரே ஒரு இடத்தில், கல் பதித்த குழிக்குள், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. டென்டுக்கு ஒன்று கிடையாது. விறகு எங்கள் தோட்டத்தில் காபிக் கவாத்து செய்தது, சில்வர் ஓக் கிளை கழித்தது. காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வரக் கூடாது. பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். பத்து மணிக்கு மகன் தண்ணீர் ஊற்றி, கிளறி, கையை மேலே பிடித்துச் சூடு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவான். மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும்போது நெருப்பே கிடையாது. பிப்ரவரிக்கு முன்னாலேயே தோட்டத்து எல்லை நெடுக நான்கு மீட்டர் அகலத்துக்குச் சருகைக் கூட்டி, உண்ணிச்செடியை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட்டுவிட வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன்.

விளக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். மஞ்சள் வெளிச்சம், வழிக்கு மட்டும், தரையைப் பார்த்து. வெள்ளை எல்.இ.டி.யைக் கம்பத்தில் கட்டினால் கோடை மழைக்குப் பிறகு வருகிற மின்மினிகள் அந்தப் பக்கமே வராது, நட்சத்திரமும் தெரியாது. இந்த இரண்டையும் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வருகிறார்கள். கழிப்பறை வாசலில் மட்டும் இரவு முழுக்க ஒரு சோலார் விளக்கு எரிய வேண்டும்.

உடம்புக்கு ஏதாவது என்றால்

பாம்புக்கடிக்கு வாயால் உறிஞ்சுவது, கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் நம் ஜீப்பிலேயே கீழே இறக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் பாதி வழியில் எதிரே வந்து வாங்கிக்கொள்ளும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் எதிரானது. மலையில் இருக்கிற குழிவிரியன் வகைகள் அதில் அடங்காது. அதனால் எந்தப் பாம்பு என்று தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் மருத்துவருக்கு உதவும். அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள். இரவில் வண்டி எடுக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போவதில்லை, மருமகளும் ஜீப் ஓட்டுவாள்.

பலர் சொல்லாத இன்னொன்று உண்ணிக்காய்ச்சல். புதர், புல்லில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. வந்தவர் ஊருக்குப் போன பிறகுதான் காய்ச்சல் ஆரம்பிக்கும். பலருக்குக் கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், வலிக்காது என்பதால் கவனிக்க மாட்டார்கள். கிளம்பும்போது எல்லோரிடமும் சொல்லுங்கள்: மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம், மலையில் தங்கினேன் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிற நோய் இது, தாமதமானால் உயிருக்கே ஆபத்து. பயமுறுத்தினால் வியாபாரம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். சொல்லி அனுப்புகிறவர்களை மக்கள் நம்புகிறார்கள்.

எப்போது மூடுவது

வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கிற ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து ரோடு அடைபடும். அந்த வாரங்களில் முன்பதிவே எடுக்காதீர்கள். மாசியிலும் பங்குனி முதல் பாதியிலும் ஆட்களைக் குறைத்துவிடுங்கள். வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் எங்களுக்குக் கேம்ப் கிடையாது. தோட்ட வேலை, துவைக்கிற வேலை, பேரனோடு உட்கார்ந்து சாப்பிடுகிற வேலை எல்லாம் அப்போதுதான். குடும்பம் நடத்துகிற கேம்பில் முதலில் தேய்வது குடும்பம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு விருந்தாளி வெந்நீர் கேட்டால் யார் எழுந்து போவது என்பதில் மாமியார் மருமகள் மனஸ்தாபம் ஆரம்பித்தால், அந்தக் கசப்பு மறுநாள் காபியில் தெரியும். யாருக்கு எந்த வேலை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வையுங்கள். கேம்ப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். மருமகளின் பங்கு மருமகள் கணக்குக்கே போகட்டும், மகன் கணக்கு வழியாக வேண்டாம்.

கடைசியாக, முன்பதிவு கேட்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்புகிற செய்தியைக் கொடுக்கிறேன். உங்கள் இடத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"வணக்கம். மாலை 5 மணிக்குள் வந்துசேரும்படி கிளம்புங்கள், இருட்டிய பிறகு மலைப்பாதையில் வர வேண்டாம். டார்ச், ஸ்வெட்டர், முழுக்கால் சட்டை, மூடிய ஷூ, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், தண்ணீர் குடிக்க எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். சிக்னல் சில இடங்களில் மட்டும் கிடைக்கும். சாப்பாடு வீட்டுச் சமையல், எல்லோருக்கும் ஒன்றுதான். ஒத்துக்கொள்ளாத உணவு இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஸ்பீக்கரும் மதுவும் அனுமதி இல்லை. உங்கள் குப்பை உங்களோடு திரும்பும். இங்கிருந்து கொடைக்கானல் போவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வழியில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், அது போகும்வரை வண்டியிலேயே இருங்கள். இதெல்லாம் சம்மதம் என்றால் பதில் போடுங்கள்."

சம்மதம் என்று பதில் வந்த பிறகுதான் முன்பணம் வாங்குவோம். பாதி முன்பணம். மழைக்கு ரோடு அடைபட்டு வர முடியாமல் போனால் முழுப் பணத்தையும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவோம்.